மணிக்குள் இருக்கும் சத்து

அடியில் விளக்கெரியும் கண்ணாடிப் பலகையொன்றின்மீது இரண்டு மக்காச்சோள மணிகளை வைத்துப் பார்த்தால், ஒன்று தேன்துளியைப்போல ஒளியைத் தன் உடல் முழுவதும் ஊடுருவவிட்டு மின்னுவதையும், மற்றொன்று சுண்ணாம்புக் கட்டியைப்போல ஒளியை மறித்துக்கொண்டு இருண்டு கிடப்பதையும் காணலாம். சந்தையில் விலை பேசும் உழவர் முதல் மணியையே நல்ல மணி என்பார். அவர் சொல்வதில் பிழையில்லை, ஏனெனில் அது கெட்டியானது, கனமானது, வண்டுக்கு எளிதில் இடங்கொடாதது. ஆனால் அவ்விரண்டையும் தனித்தனியே மாவாக்கி, தாய்ப்பால் மறந்த ஒரு குழந்தைக்கு வேறு ஆகாரம் ஏதுமின்றிக் கஞ்சியாக ஊட்டிவந்தால் எந்த மாவில் அக்குழந்தை தேறும் என்று கேட்டால், அந்த இருண்ட மணியின் மாவில்தான் என்று ரசாயனம் பதில் சொல்கிறது. உழவரின் கண் ஏற்பதும் குழந்தையின் உடல் கேட்பதும் ஒரே மணியில் கூடும்படி செய்ய முடியுமா என்ற வினாவுக்குத் தம் ஆயுளின் பெரும்பகுதியை அளித்தவர், மெக்ஸிகோ நாட்டுத் தானிய ரசாயன நிபுணரான எவாங்கெலினா வியேகாஸ் அம்மையார். அவருடைய வாழ்க்கையைத் தனியாக எடுத்துப் பேசுவதைக் காட்டிலும், அவர் கைக்கு வந்துசேருமுன்னும் அவர் கையைவிட்டுப் போன பின்னும் அந்த வினா கடந்துவந்த பாதையோடு சேர்த்துப் பார்ப்பதே அவருக்கும் விஷயத்துக்கும் நியாயம் செய்வதாகும் என்பது என் அபிப்பிராயம்.

தானியத்தில் இத்தனை பங்கு புரதம் என்று உணவு அட்டவணைகளில் காணும் எண், உண்மையில் புரதத்தை அளந்து பெற்றதன்று. அத்தானியத்திலுள்ள நைட்ரஜனை அளந்து, அதை 6.25 போன்ற ஓர் எண்ணால் பெருக்கிப் பெற்றதாகும். நீலகிரியின் குன்னூரில், பாஸ்டர் நிலையத்தின் ஒரு மூலையில் 1918-ல் பெரிபெரி நோய் பற்றிய விசாரணையாகத் தொடங்கி, பின்னர்ப் போஷணை ஆராய்ச்சிக் கூடமாக விரிந்த ஸ்தாபனத்திலிருந்து, ஏக்ராய்ட் என்னும் ஆங்கிலேய நிபுணர் 1937-ல் இந்திய உணவுகளின் சத்து மதிப்பைத் தொகுத்து வெளியிட்டபோது, அது நம் நாட்டுக்குக் கிடைத்த பெரும் செல்வமாயிற்று. ஆயினும் நைட்ரஜன் கணக்கு எவ்வளவு என்பதைச் சொல்லுமேயன்றி எத்தகையது என்பதைச் சொல்லாது. புரதம் என்பது ஏறத்தாழ இருபது வகை அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலி. அவற்றுள் சிலவற்றை நம் உடல் தானாக ஆக்கிக்கொள்ள இயலாமையால் அவை ஆகாரத்தின் வழியே வந்தாக வேண்டும். அப்படி வரவேண்டியவற்றுள் ஒன்று மிகக் குறைந்துவிட்டால், மற்றவை எத்தனை மிகுந்திருந்தாலும் அந்தக் குறைவின் அளவுக்குத்தான் உடலால் புதுத் தசை கட்ட இயலும்.

இதை முதன்முதலில் ஐயத்துக்கிடமின்றிக் காட்டியவர்கள் அமெரிக்காவில் கனெக்டிகட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த தாமஸ் பர் ஆஸ்பார்னும், யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லஃபாயெட் மெண்டலும் ஆவர். மக்காச்சோள மணியின் மாவுப்பகுதியில் உள்ள புரதத்தில் ஏறத்தாழப் பாதி அல்லது அதற்கும் மேற்பட்ட பங்கு ஸீன் என்னும் ஒருவகைப் புரதமாகும். அதை மட்டுமே புரதமாகக் கொடுத்து வளர்த்த எலிகள் மெலிந்துகொண்டே போயின. அதனோடு டிரிப்டோபான் என்னும் அமினோ அமிலத்தைச் சேர்த்தபோது மெலிவு நின்றது, ஆனால் வளர்ச்சி இல்லை. லைசின் என்பதையும் சேர்த்தபோதுதான் அவை வளரத் தொடங்கின. 1914-ல் வெளிவந்த அந்த முடிவு, மக்காச்சோளத்தை நம்பி வாழும் கோடிக்கணக்கான மக்களின் தட்டில் எது குறைகிறது என்பதைப் பெயர் சொல்லிச் சுட்டியது. ஆனால் அந்தக் குறையைச் செடிக்குள்ளேயே தீர்க்கலாம் என்ற எண்ணம் பிறக்க அதற்குப் பின் ஐம்பது ஆண்டுகள் செல்லவேண்டியிருந்தது.

அந்த எண்ணம் பிறக்கும்வரை நோய்கள் காத்திருக்கவில்லை. தோல் தடித்துக் கறுத்து, வயிறு கெட்டு, புத்தியும் தடுமாறும் பெல்லக்ரா என்னும் நோய், மக்காச்சோளத்தையே முழு உணவாகக் கொண்ட இத்தாலிய, ஸ்பானிய உழவர்களையும், பின்னர் அமெரிக்காவின் தென் மாநிலத்து ஏழைகளையும் வருத்திற்று. நயாசின் என்னும் வைட்டமினின் குறைவே அதற்குக் காரணம் என்பது 1937-க்குப் பின் உறுதியாயிற்று. டிரிப்டோபான் கிடைத்தால் உடல் அதிலிருந்து ஓரளவு நயாசினைத் தானே ஆக்கிக்கொள்ளும் என்பது பின்னர்த் தெரியவந்தது. மக்காச்சோளத்தின் பிறந்தகமாகிய மெக்ஸிகோவில் அந்நோய் பரவாததற்கு அங்குள்ள பெண்களின் பழைய சமையல் முறையே காரணம் என்பதை நினைக்கும்போது எனக்கு எப்போதும் வணக்கமே தோன்றுகிறது. அவர்கள் மணியைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவு முழுவதும் ஊறவிட்டு, தோலைக் கழுவி நீக்கி, நம் அம்மியைப் போன்ற கல்லில் அரைத்து, ரொட்டியாகத் தட்டிச் சுடுகிறார்கள். அந்தச் சுண்ணாம்புதான் தானியத்தில் கட்டுண்டு கிடக்கும் நயாசினை விடுவிக்கிறது. மக்காச்சோளத்தைக் கடல் கடந்து கொண்டுசென்றவர்கள் விதையைக் கொண்டுசென்றார்கள், அந்தப் பாகத்தைக் கொண்டுசெல்லவில்லை.

தக்காணத்தில் சோளம் உண்போரிடையேயும் பெல்லக்ரா காணப்பட்டது. அதை ஆராய்ந்த கோபாலன், சேலத்தில் பிறந்து, குன்னூர்க் கூடத்திலும், அது ஹைதராபாதுக்குப் பெயர்ந்தபின் அங்கும் பணியாற்றியவர். சோளத்தில் லியூசின் என்னும் அமினோ அமிலம் மிகுந்திருப்பதே அங்கு நோய்க்கு வழிசெய்கிறது என்ற கருத்தை 1960-ல் முன்வைத்தார். அக்கருத்தின்மேல் பின்னர் வாதங்கள் எழுந்தன. எனினும், ஒன்று குறைவது மட்டுமன்று, ஒன்றுக்கொன்று விகிதம் தவறுவதும் கேடாகலாம் என்று கேட்கத் துணிந்ததே பெரிய காரியம்.

மேற்கு ஆப்பிரிக்காவில், அந்நாளில் கோல்ட் கோஸ்ட் எனப்பட்ட இன்றைய கானாவில், ஸிஸிலி வில்லியம்ஸ் என்னும் பெண் மருத்துவர், உடல் வீங்கி, தோல் உரிந்து, தலைமயிர் செம்பட்டை பாய்ந்து, சோர்ந்து மடியில் கிடக்கும் குழந்தைகளைக் கண்டு, 1933-ல் அந்நோயை மக்காச்சோள ஆகாரத்தோடு தொடர்புபடுத்தி எழுதினார். அங்குள்ள மக்கள் அதற்கு வைத்திருந்த பெயர் க்வாஷியார்க்கர். அடுத்த குழந்தை வந்ததும் மூத்ததற்கு வரும் நோய் என்பது அதன் பொருள். தாயின் மார்பிலிருந்து இறக்கப்பட்டு மக்காச்சோளக் கஞ்சிக்கு மாற்றப்பட்ட குழந்தையின் கதை முழுவதும் அந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது. இந்நோய்க்குப் புரதக் குறைவு மட்டுமே காரணமன்று என்று இன்றைய மருத்துவம் கருதுகிறது. ஆனாலும் அந்தக் கஞ்சிக் கிண்ணத்தை நாம் மறந்துவிடலாகாது, பின்னர் அதனிடமே திரும்பி வரவேண்டியிருக்கிறது.

1960-களின் தொடக்கத்தில் பர்டியூ பல்கலைக்கழகத்தில் எட்வின் மெர்ட்ஸ் என்ற ரசாயன நிபுணர், ஸீன் குறைந்த மக்காச்சோளம் எங்காவது இருக்குமானால் அதில் லைசின் மிகுந்திருக்க வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தார். ஆலிவர் நெல்சன் என்ற மரபியல் நிபுணர், மணியின் கண்ணாடித் தன்மைக்கும் ஸீனுக்கும் தொடர்பிருக்கலாம் என எண்ணி, ஒளிபுகாத மணிகளைத் தரும் பழைய பிறழ்வு வகைகளைச் சோதிக்கத் தந்தார். விசித்திரமான மணியென்று மரபியலார் பல ஆண்டுகளாகப் பேணிவந்த ஓபேக்-2 என்னும் வகையில்தான் விடை இருந்தது. லைசின் 69 விழுக்காடு கூடியிருந்தது என்ற செய்தி 1964-ல் வெளியாயிற்று. மறு ஆண்டில், அந்த மாவை உண்ட எலிகள் சாதாரண மக்காச்சோளம் உண்டவற்றைவிட மூன்று மடங்குக்கு மேல் எடை கூடின என்ற செய்தியும் வந்தது. உலகமெங்கும் பயிர் விருத்தியாளர்கள் அந்த விதையைக் கேட்டு வாங்கினார்கள். நம் நாட்டிலும் 1970-களின் தொடக்கத்தில் சக்தி, ரத்தன், புரோட்டினா என்ற பெயர்களோடு மூன்று வகைகள் உழவர்க்கு வழங்கப்பட்டன.

அவை நிலைக்கவில்லை. சுண்ணாம்புபோன்ற அந்த மணி எடை குறைந்தது. விளைச்சல் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைந்தது. கதிர் மெதுவாகக் காய்ந்தது, அதற்குள் பூஞ்சணம் பிடித்தது. களஞ்சியத்தில் வண்டு எளிதாகத் துளைத்தது. அரைத்தால் மாவின் பதம் கைக்குப் பழகியதாக இல்லை. தன் பிள்ளைக்கு நல்லது என்று எவ்வளவு எடுத்துச் சொன்னாலும், குதிரில் ஆறு மாதம் தாங்காத தானியத்தை எந்தக் குடும்பம் விதைக்கும்? உழவர்கள் அறியாமையால் மறுத்தார்கள் என்று அந்நாளில் சிலர் எழுதியது எனக்குச் சிறிதும் உடன்பாடன்று. அவர்கள் மறுத்தது அறிவினால்.

இந்த நிலையில்தான் வியேகாஸ் அம்மையாரின் வேலை தொடங்குகிறது. 1924-ல் மெக்ஸிகோ நகரில் பிறந்து, அந்நாட்டுப் பெண்கள் உயர்கல்வி பெறுவது அரிதாயிருந்த காலத்தில் தேசியப் பாலிடெக்னிக் கழகத்தில் ரசாயனமும் உயிரியலும் பயின்று, 1950-ல் மெக்ஸிகோவின் தேசியப் போஷணை நிறுவனத்திலும், நார்மன் போர்லாகின் கோதுமை ஆராய்ச்சி நடந்துவந்த விசேஷ ஆராய்ச்சி அலுவலகத்திலும் பணியைத் தொடங்கியவர் அவர். கோதுமை மாவு ரொட்டிக்கு எப்படி உப்பும், பிசைந்தால் எப்படி இழுபடும் என்றெல்லாம் அளந்து, தானியத்தின் குணத்தை விரல்நுனியில் அறிந்தவர். கான்சாஸில் முதுகலைப் பட்டமும், 1967-ல் வட டகோட்டாவில் தானிய ரசாயனத்தில் டாக்டர் பட்டமும் பெற்று நாடு திரும்பி, அதற்கு முந்தைய ஆண்டில் நிறுவப்பட்டிருந்த சிம்மிட் என்னும் அனைத்துலக மக்காச்சோளம், கோதுமை மேம்பாட்டு மையத்தில், புரதத்தின் தரத்தைச் சோதிக்கும் கூடத்தை ஏற்று நடத்தினார்.

அந்தக் கூடத்தின் வேலையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். வயலிலிருந்து உறைகளில் வரும் மணிகளின் முளையை முதலில் நீக்கிவிடுவார்கள். முளையின் புரதம் இயல்பிலேயே நல்லதாகையால், அது கலந்திருந்தால் மாவுப்பகுதியின் உண்மை நிலை மறைந்துபோகும். எஞ்சியதைத் தூளாக்கி, எண்ணெய்ப் பசையைக் கரைப்பானால் கழுவிப் போக்கி, சிறு அளவு நிறுத்துக் குழாயிலிட்டு, பப்பேன் கரைசலை ஊற்றி, 65 பாகை வெப்பத்தில் இரவு முழுவதும் வைப்பார்கள். பப்பேன் என்பது பப்பாளிக்காயைக் கீறினால் வடியும் பாலிலிருந்து எடுப்பது. முற்றிய இறைச்சி பதமாக வேகவேண்டுமென்று பப்பாளிக்காய்த் துண்டைப் போடுகிறவர்களுக்கு, அந்தப் பால் புரதத்தை உடைக்கும் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் காலையில், அசிட்டிக் அமிலமும் கந்தக அமிலமும் மிகச் சிறிதளவு இரும்பும் சேர்ந்த கரைசலைக் கலந்து சூடாக்கும்போது, குழாயில் டிரிப்டோபான் உள்ள அளவுக்கு ஊதா நிறம் எழுகிறது. அந்நிறத்தின் அடர்த்தியைக் கருவியில் அளந்தால் கணக்குக் கிடைத்துவிடும். லைசினை நேராக அளப்பது சிரமமும் செலவும் மிகுந்தது. ஆனால் மக்காச்சோளத்தின் மாவுப்பகுதியில் லைசின் பெரும்பாலும் டிரிப்டோபானைப்போல நான்கு மடங்காக அதனோடு சேர்ந்தே ஏறி இறங்குவதால், ஒன்றை அளந்து மற்றொன்றைத் தெரிந்துகொள்ளலாம். இம்முறைகளை ஒழுங்குபடுத்தி, வியேகாஸும் மெர்ட்ஸும் சேர்ந்து 1971-ல் வெளியிட்ட சிறு ஏடு, பல நாட்டுக் கூடங்களுக்குக் கைநூலாயிற்று. ஆண்டுக்கு 25,000 மாதிரிகள்வரை அவருடைய கூடம் சோதித்திருக்கிறது.

இத்தனை மாதிரிகள் எதற்கு என்று கேட்கலாம். அமிர்தசரஸில் பிறந்து 1970-ல் மெக்ஸிகோவுக்கு வந்துசேர்ந்த சுரிந்தர் வாசல் என்னும் பயிர் விருத்தியாளர், ஓபேக்-2 கதிர்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சற்றே கண்ணாடித் தன்மை பெற்ற மணிகள் தோன்றுவதைக் கொண்டு, மென்மையைக் கெட்டியாக்கும் துணை மரபணுக்கள் உள்ளன என்ற வழியைப் பற்றினார். ஒளிப்பலகையில் அத்தகைய மணிகளைப் பொறுக்கி, தலைமுறை தலைமுறையாகக் கலந்து வளர்த்தால் கெட்டி மணி கிடைக்கும். ஆனால் இங்கேதான் பெரிய கண்ணி இருக்கிறது. கெட்டியாய்த் தோன்றும் மணி, ஓபேக்-2 குணத்தை உள்ளே வைத்துக்கொண்டே கெட்டியானதாக இருக்கலாம். அண்டை வயலின் சாதாரண மகரந்தம் விழுந்ததால் கெட்டியானதாகவும் இருக்கலாம். கெட்டியாகும்போதே லைசினைக் கைவிட்டதாகவும் இருக்கலாம். இம்மூன்றையும் கண்ணால் பிரித்தறிய வழியே இல்லை. ஆகவே விருத்தியாளர் ஒவ்வொரு பருவத்திலும் பொறுக்கிய மணிகள் சோதனைக் கூடத்துக்குச் சென்று, அடுத்த விதைப்புக்குள் விடை திரும்பிவந்தாக வேண்டும். விடை தாமதித்தால் ஒரு பருவம் வீணாகும், விடை பிழைத்தால் பல ஆண்டுகள் வீணாகும். விஞ்ஞான சரித்திரத்தைக் கண்டுபிடிப்புகளின் வரிசையாகவே எழுதுகிற வழக்கத்தில் இத்தகைய வேலைக்கு இடமில்லாமல் போய்விடுகிறது. வியேகாஸ் புது மரபணு எதையும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்த ஒன்று நழுவிப்போகாமல் ஆயிரமாயிரம் முறை காத்துக்கொடுத்தார். என் கணிப்பில் இந்தச் சாதனையில் பாதி அந்தக் காவலினுடையது.

1980-களின் நடுப்பகுதிக்குள், சாதாரண மக்காச்சோளத்துக்கு இணையான விளைச்சலும் கெட்டியும் உடைய, லைசினும் டிரிப்டோபானும் ஏறத்தாழ இருமடங்கு கொண்ட, தரப்புரத மக்காச்சோளம் என்னும் பல வகைகள் உருவாயின. ஆனால் அந்தச் சமயத்தில் உலகத்தின் கவனம் வேறு திசையில் இருந்தது. 1960-களில் புரத நெருக்கடி வந்துவிட்டது என்று முழங்கிய ஐக்கிய நாடுகளின் நிபுணர் உலகம், அடுத்த பத்தாண்டில் முற்றும் மாறியது. புள்ளியியல் நிபுணர் சுகாத்மே, ஏழைகளுக்குக் குறைவது புரதமன்று, வயிறு நிறையும் அளவு உணவே என்று வாதாடினார். 1974-ல் மக்லாரன் என்னும் மருத்துவர், புரதத்தைப் பற்றிய அந்தப் பெருமுயற்சி முழுவதையும் பெருந்தோல்வி என்றே லான்செட் இதழில் எழுதினார். ஆதரவு மெலிந்து மெலிந்து, 1991 அளவில் சிம்மிட்டில் இவ்வாராய்ச்சி நிறுத்தப்பட்டது.

இவ்விவாதத்தில் எவர் பக்கம் நியாயம் என்று கேட்டால், இரு தரப்பாரும் வெவ்வேறு மனிதரைப் பற்றிப் பேசினார்கள் என்றே சொல்வேன். சோற்றோடு பருப்பும் மோரும் வயிறார உண்ணும் ஒருவருக்கு லைசின் கணக்குப் பார்க்க அவசியமில்லை; தானியத்தில் குறைவதைப் பருப்பு நிரப்பிவிடும். ஆகவே பெரியவர்களின் சராசரியை வைத்துப் பார்த்த சுகாத்மே சொன்னது சரி. ஆனால் சின்னஞ்சிறு வயிற்றில் ஒரு வேளைக்கு ஒரு கிண்ணம் நீர்த்த கஞ்சிக்கு மேல் கொள்ளாத இரண்டு வயதுக் குழந்தைக்கு, அக்கஞ்சி மக்காச்சோளம் மட்டுமாயிருந்தால், அளவைக் கூட்டு என்று சொல்வது பதிலாகாது; அந்தக் கிண்ணத்துக்குள் இருப்பதன் தரத்தையே கூட்டவேண்டும். தேசத்துக்கென்று போட்ட சராசரிக் கணக்கில் அந்தக் குழந்தை மறைந்துபோனது.

அக்குழந்தை மறுபடி கண்ணுக்குத் தெரிந்தது கானாவில் என்பது பொருத்தம். 1992-ல் அங்கே ஒபாத்தன்பா என்ற தரப்புரத வகை உழவர்க்கு வழங்கப்பட்டது. பாலூட்டும் நல்ல தாய் என்பது அப்பெயரின் பொருள். ஸிஸிலி வில்லியம்ஸ் தம் குறிப்புகளை எழுதிய அதே மண்ணில், தாய்மடி இழந்த குழந்தையின் பெயரைத் தாங்கிய நோய்க்கு எதிரே தாயின் பெயரைத் தாங்கிய விதை வந்து நின்றது. பின்னர் ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றுக்கும் அது பரவியது. பல நாடுகளில் நடந்த பரிசோதனைகளைத் தொகுத்து 2010-ல் வெளிவந்த ஆய்வு, மக்காச்சோளத்தையே முக்கிய உணவாகக் கொண்ட, ஓரளவு சத்துக் குறைந்த குழந்தைகளிடம் எடை வளரும் வேகம் 12 விழுக்காடும் உயரம் வளரும் வேகம் 9 விழுக்காடும் கூடியதைக் காட்டியது. அதிசயம் என்று சொல்லத்தக்க எண்கள் அல்ல இவை. ஆனால் உண்ணும் பழக்கத்தையோ சமைக்கும் முறையையோ எதையும் மாற்றாமல், விதை ஒன்றை மட்டும் மாற்றியதற்கு அவை சிறிய பலனும் அல்ல. 2000-ஆம் ஆண்டில் வியேகாஸுக்கும் வாசலுக்கும் உலக உணவுப் பரிசு சேர்த்து வழங்கப்பட்டது. 1987-ல் நம் எம். எஸ். சுவாமிநாதனிடமிருந்து தொடங்கிய அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண்மணி அவரே.

வேறு பயிர்களிலும் இத்தேடல் நடந்தது. எத்தியோப்பியாவில் லைசின் மிகுந்த சோள வகைகள் கண்டெடுக்கப்பட்டு 1973-ல் அறிவிக்கப்பட்டன. அங்கத்து உழவர் அத்தகைய ஒரு சோளத்தை, என் வாயில் பால் என்று பொருள்படும் பெயரால் வழங்கி, தனியே போற்றி வளர்த்துவந்தனர் என்பதுதான் என்னைத் தொட்ட செய்தி. வாற்கோதுமையிலும் அப்படியொரு வகை கிடைத்தது. சுருங்கிய மணியும் குறைந்த விளைச்சலும் இரண்டையும் தடுத்துவிட்டன. இரும்புச் சத்து மிகுந்த கம்பு, வைட்டமின் ஏ தரும் ஆரஞ்சு நிறச் சர்க்கரைவள்ளி என்று இன்று நடக்கும் முயற்சிகள் வேறு சத்துக்களைப் பற்றியவை. அவற்றைத் தனியே பேசவேண்டும்.

நம் நாட்டில் நிலைமை வேறு. 1990-களின் இறுதியில் சக்தி-1 என்ற வகையும், 2008-ல் அல்மோராவின் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து விவேக் தரப்புரத மக்காச்சோளம்-9 என்ற வீரிய ஒட்டு வகையும் வந்தன. ஆனால் தமிழ்நாட்டில் விளையும் மக்காச்சோளத்தில் பெரும்பகுதி நாமக்கல் முதலிய ஊர்களின் கோழிப் பண்ணைகளுக்கே செல்கிறது. அங்கே தீவனம் கலப்போர் கோழிக்கு எத்தனை லைசின் வேண்டும் என்பதைக் கணக்கிட்டு, நுண்ணுயிர்களைக் கொண்டு தயாரிக்கப்படும் லைசின் பொடியைச் சேர்த்தே மூட்டை கட்டுகிறார்கள். கோழிக்குஞ்சின் ஆகாரத்துக்குக் கிடைத்த இந்தக் கணக்கு, மக்காச்சோளமே உணவாயுள்ள மலைவாழ் குடும்பங்களின் குழந்தைக்கும் கிடைக்க வேண்டாமா என்று கேட்காமல் என்னால் இப்பகுதியைக் கடக்க முடியவில்லை.

ஓபேக்-2 என்பது ஸீன் உற்பத்தியை ஏவும் ஒரு மரபணு என்பதும், அது பழுதுபடும்போது லைசின் அற்ற ஸீன் குறைந்து லைசின் உள்ள பிற புரதங்கள் அவ்விடத்தை நிரப்புகின்றன என்பதும் மூலக்கூறு ஆராய்ச்சியால் பின்னர் விளங்கின. காரணம் தெரியாத காலத்திலேயே வியேகாஸின் குழாய்கள் காரியத்தைச் சாதித்திருந்தன. 2017-ல் அவர் மறைந்தார்.

இன்னும் தீராத சிக்கல் ஒன்று, அவ்வேலையின் வெற்றியிலிருந்தே பிறந்தது. பழைய ஓபேக்-2 மணி தன் மங்கலால் தன்னைக் காட்டிக்கொடுத்தது; தரப்புரத மணியோ சாதாரண மணியைப்போலவே மின்னுகிறது. அக்குணம் தாய் தந்தை இருபுறமிருந்தும் வந்தாலொழிய வெளிப்படாத ஒடுங்கு குணமாகையால், எடுத்த விதையையே மீண்டும் விதைக்கும் வயலில், காற்று கொண்டுவரும் அண்டை மகரந்தம் ஆண்டுக்காண்டு அதைக் கரைத்துக்கொண்டே போகும். கதிர் அதே கதிராக இருக்கும், மணி அதே மணியாக இருக்கும், அறுவடை செய்பவருக்கு எதுவும் தெரியாது. விதைக்காக எடுத்துவைத்த மணிகளில் ஒரு பிடியை யாராவது அரைத்து, பப்பாளிப் பாலின் சாறு ஊற்றி இரவு முழுவதும் வைத்து, காலையில் அந்த ஊதா நிறம் எழுகிறதா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.